தொண்டைமானின் ஆயுதசாலை

தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியின் தூதராக ஔவையார் தொண்டை நாட்டிற்கு வந்த செய்தியைப் புறநானூற்றின் 95ஆம் பாட்டு நமக்குத் தருகிறது. தொண்டைமான் அவரைத் தன் படைக்கலக் கொட்டிலுக்கு அழைத்துச் சென்று காட்டினான். தன்னிடம் எத்தனை ஆயுதங்கள் இருக்கின்றன என்பதைப் பாவலர் கண்டு, போய்ச் சொல்லட்டும் என்பது அவன் எண்ணம். ஔவையார் கண்டார், பாடினார். இங்குள்ளவை மயிலிறகு சூடி, மாலை அணிந்து, நெய் பூசப்பெற்றுக் காவல் மிக்க மனையில் இருக்கின்றன. அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்தி முனை சிதைந்து கொல்லனின் சிறு பட்டறையில் கிடக்கின்றன என்பது அப்பாட்டின் கருத்து. புகழ்வது போல் பழித்து, பழிப்பது போல் புகழ்ந்த இந்த நயத்தை வியக்காத உரையாசிரியர் இல்லை.

ஆயுதத்தைப் பயன்படுத்தாமல் சேமித்து வைத்து, அதைக் கண்டு மகிழும் ஒரு மனிதனைப் பற்றித் தமிழில் நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய சித்திரம் இதுவே எனலாம். அவன் நம் தொண்டை மண்டலத்தான் என்பது நம் வட்டத்தினர் நினைத்துப் பார்க்க வேண்டிய செய்தி. இரண்டாயிரம் ஆண்டுகளாக நாம் ஔவையாரோடு சேர்ந்து அவனைப் பார்த்து நகைத்து வருகிறோம். ஆனால் வேல் போய்த் துப்பாக்கி வந்த பின், இந்நாட்டில் ஆயுதச் சேமிப்புகளுக்கு நேர்ந்ததை வரிசைப்படுத்திப் பார்க்கும்போது, அந்த நகைப்பில் நாம் முழு மனத்தோடு கலந்து கொள்ள முடியுமா என்ற ஐயம் எழுகிறது. ஒருவன் தன் வீட்டுத் துப்பாக்கிகளைப் பார்த்து 'இவை போதும்' என்று அமைவது எப்போது, எதனால் இயலும் என்பதே இக்கட்டுரை ஆராய விரும்பும் பொருள்.

சொல்லும் கருவியும்

'துப்பாக்கி' என்னும் சொல் துருக்கி மொழியிலிருந்து பாரசீகம், உருது வழியாக நம்மிடம் வந்தது. ஆனால் அதே எழுத்துக் கோவை, வான்சிறப்பு அதிகாரத்துக் குறளொன்றில், உணவை உண்டாக்கி என்னும் பொருளில் முன்பே நின்றிருப்பது தமிழுக்கு நேர்ந்த ஒரு வினோதம். 'துப்பு' என்றால் நம் பழந்தமிழில் உணவு. வலிமை என்றும் பொருள் உண்டு. வந்த சொல் இந்த வலிமையோடு எளிதாக ஒட்டிக் கொண்டது. கரியும் கந்தகமும் வெடியுப்பும் சேர்ந்த கலவைக்கு நம் மக்கள் 'மருந்து' என்று பெயரிட்டதும் எண்ணத்தக்கது. போதும் என்ற மனமே பொன் செய்யும் மருந்து என்பது பழமொழி. அந்த மருந்துக்கும் இந்த மருந்துக்கும் உள்ள தூரமே நாம் பேசப் போகும் வரலாறு.

பதினெட்டாம் நூற்றாண்டில் நம் வட்டாரம் துப்பாக்கியின் ஓசையை மிக அருகிலிருந்து கேட்டது. 1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிக்கு அருகே பொள்ளிலூரில் ஐதர் அலியின் படை ஆங்கிலக் கம்பெனியின் படையொன்றை நிர்மூலமாக்கியது. மறு ஆண்டு செப்டம்பர் 27 அன்று சோளிங்கரில் அயர் கூட் ஐதரை வென்றார். இந்த இரண்டு களங்களும் திருத்தணியிலிருந்து நெடுந்தொலைவு அல்ல. அக்காலத்தில் இப்பகுதி கார்வேட்நகர்ப் பாளையத்தைச் சேர்ந்தது. பொம்மராஜ பாளையம் என்றும் அதற்குப் பெயர் உண்டு. பாளையக்காரரிடம் இருந்த துப்பாக்கிகளைச் 'சேமிப்பு' என்று எவரும் அன்று சொல்லியிருக்க மாட்டார்கள். ஒவ்வொரு துப்பாக்கிக்கும் பின்னால் ஒரு காவற்காரன் இருந்தான். அவனுக்கு மானிய நிலம் இருந்தது; அவன் காக்க வேண்டிய ஊரும் வழியும் இருந்தன. அந்நிலையில் போதும் என்ற எண்ணத்திற்கே இடமில்லை. அண்டைப் பாளையத்தான் நூறு வைத்திருந்தால் இவனுக்கு நூற்றிருபது வேண்டும். அச்சமே அங்கே அளவுகோல்.

படை போய்ப் பண்டம் ஆனது

இந்நிலை மாறியது எப்படி என்பதை இரண்டு வழிகளில் காணலாம். தெற்கே அது குருதியால் நடந்தது. 1799 அக்டோபர் 16 அன்று கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டதை அடுத்துக் கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களை ஒப்படைக்கவும் கம்பெனி ஆணையிட்டது. 1801 அக்டோபரில் மருது சகோதரர்களும் நவம்பரில் ஊமைத்துரையும் தூக்கிலிடப்பட்ட பின், டிசம்பர் முதல் நாள் ஆளுநர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட அறிக்கை, பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதையே குற்றமாக்கியது.

வடக்கே, நம் பக்கத்தில், அது காகிதத்தால் நடந்தது. 1802இல் கார்வேட்நகர், காளஹஸ்தி, வேங்கடகிரி முதலான மேற்குப் பாளையங்களுக்கு நிலையான சன்னதுகள் வழங்கப்பட்டன. பாளையக்காரர் படையுதவி செய்ய வேண்டிய கடமை நீக்கப்பட்டது. அதற்கு ஈடாக அவர் கட்ட வேண்டிய பேஷ்குஷ் தொகை உயர்த்தப்பட்டது. ஒரு சொட்டு இரத்தமும் சிந்தாமல் பாளையக்காரர் ஜமீன்தாராக மாறினார். வாசலில் நின்ற காவற்காரனின் வேலை போயிற்று. அவன் தோளில் இருந்த துப்பாக்கியின் வேலையும் அதனுடனேயே போயிற்று. அது சுவருக்கு ஏறியது.

தனியார் துப்பாக்கிச் சேமிப்பு என்று நாம் இன்று சொல்லும் பொருள் நம் நாட்டில் இங்குதான் பிறக்கிறது. படை கலைந்த பிறகே படைக்கலம் ஒரு பண்டமாகிறது. அதற்கு முன் அது கருவி. கருவிக்கு அழகு தேவையில்லை, வரலாறும் தேவையில்லை. வேலை முடிந்த பின்தான் அதன் குழலில் உள்ள வெள்ளிப் பூவேலை கண்ணில் படுகிறது. இது பாட்டனார் கையில் இருந்தது என்ற நினைவு எழுகிறது. தோல்வியின் குழந்தையாகப் பிறந்தது இந்த அழகுணர்ச்சி என்று கூறின் மிகையாகாது. ஆனால் தோல்வியை ஏற்றுக்கொண்ட மனம், ஏற்காத மனம் என இரண்டு உண்டு. ஏற்காதவனுக்குச் சுவரில் உள்ள துப்பாக்கி நாள்தோறும் குத்தும் முள். ஏற்றவனுக்கு அது துணை.

தஞ்சையின் பாடம்

இதற்குச் சரபோஜி மன்னரைவிடச் சிறந்த சான்று இல்லை. 1799 அக்டோபர் 25 ஒப்பந்தத்தால் அவர் தஞ்சை நாட்டின் ஆட்சியைக் கம்பெனியிடம் விட்டுக் கொடுத்தார். கோட்டை மட்டும் அவர் வசம் நின்றது. நாயக்கர் காலம் முதல் மராட்டியர் காலம் வரை சேர்ந்த வாளும் கட்டாரியும் அங்குசமும் ஈட்டியும் துப்பாக்கியும் நிறைந்த ஆயுதசாலைக்கு உரிமையாளர் அவர். அவற்றை ஏந்திப் போரிடப் படை அவரிடம் இல்லை. 1832இல் மறையும் வரை அவர் தம் வேட்கையைச் செலுத்திய இடம் சரசுவதி மகால். ஐரோப்பிய நூல்களும் சுவடிகளும் ஆயிரக்கணக்கில் அங்கே சேர்ந்தன. ஆயுதசாலை இருந்தபடியே இருந்தது; அது போதும் என்றிருந்தார். ஏட்டில் மட்டும் போதும் என்று அவர் சொல்லவில்லை. ஓர் அரசனின் பசி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதற்கு இது நல்ல அடையாளம்.

ஆனால் பிறர் விடவில்லை. 1855இல் சரபோஜியின் மகன் சிவாஜி ஆண் வாரிசின்றி மறைந்ததும் கம்பெனி அரண்மனையையும் அதன் உடைமைகளையும் கைப்பற்றியது. அரசி காமாட்சிபாய் தொடுத்த வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. அரசு தன் இறைமையால் செய்த செயலை நீதிமன்றம் ஆராய இயலாது என்று 1859இல் அங்கே தீர்ப்பாயிற்று. பின்னர் அரசின் கருணையாகவே தனியுடைமைகள் திரும்பின. ஆயுதங்கள் திரும்பவில்லை. தஞ்சை, திருச்சி, சென்னை ஆயுதக் கிடங்குகளில் குவிந்திருந்த பழைய நாட்டு ஆயுதங்களை உடைத்துப் பழைய இரும்பாக விற்றுவிட 1863இல் அரசு ஆணையிட்டது. சென்னை அருங்காட்சியகத்திற்கென்று சில எடுத்துக் கொள்ளப்பட்டன. எஞ்சியவை சம்மட்டிக்கு இரையாயின. வால்ஹவுஸ் என்னும் ஆங்கில அதிகாரி, 'இந்தியன் ஆண்டிக்குவரி' இதழில் 1878இல் இந்த அழிவைப் பற்றி வருத்தத்தோடு எழுதினார்.

இன்று எழும்பூர் அருங்காட்சியகத்தில் நாம் காணும் தஞ்சை ஆயுதங்கள் அந்தச் சம்மட்டிக்குத் தப்பியவை. தப்பிய வேறு சில கடல் கடந்தன. நியூயார்க் பெருநகர் அருங்காட்சியகத்தில் உள்ள தஞ்சைக் கட்டாரிகள், ஜார்ஜ் ஸ்டோன் என்னும் தனி மனிதர் வாழ்நாள் எல்லாம் தேடிச் சேர்த்து, 1935இல் தம் மறைவின்போது அந்நிறுவனத்திற்கு எழுதி வைத்தவை. உலகின் ஆயுத வகைகளைப் பற்றி அவர் எழுதிய பேரகராதி 1934இல், அவர் மறைவதற்கு முன் ஆண்டில், வெளிவந்தது. அரசு இரும்பு விலை வைத்த பொருளைச் சேமிப்பாளர் ஒருவரின் அன்பு காப்பாற்றியது என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

ஔவையாரின் பாட்டை இங்கே மீண்டும் நினைக்கலாம். கொல்லன் பட்டறையில் கிடப்பதே வேலுக்குப் பெருமை என்றார் அவர். அதியமானின் வேல்கள் செப்பனிடப்படுவதற்காகப் பட்டறைக்குச் சென்றன. தஞ்சையின் ஆயுதங்கள் சாவதற்காகச் சென்றன. கொல்லனின் பட்டறை எப்போதும் வீரத்தின் முகவரி ஆகாது.

உரிமமும் எண்ணிக்கையும்

வால்ஹவுஸ் எழுதிய அதே 1878ஆம் ஆண்டில் லிட்டன் பிரபுவின் ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியர் உரிமம் பெற்றே துப்பாக்கி வைத்திருக்க வேண்டும், ஐரோப்பியருக்கு விலக்கு. 1887இல் சென்னையில் பத்ருதீன் தியாப்ஜி தலைமையில் கூடிய மூன்றாவது காங்கிரசு மாநாடு இச்சட்டத்தைத் திருத்தக் கோரித் தீர்மானம் செய்தது. அகிம்சையின் அண்ணலே 1918இல், ஒரு நாட்டு மக்கள் அனைவரையும் நிராயுதபாணிகளாக்கிய இச்சட்டத்தை ஆங்கில ஆட்சியின் கொடுஞ்செயல்களுள் மிகக் கொடியதாகக் கருதினார். துப்பாக்கி இல்லாமை வேறு, துப்பாக்கி வேண்டாமை வேறு என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார். பறிக்கப்பட்டவனின் அமைதி அமைதி ஆகாது. அது அடங்கிக் கிடத்தல்.

இந்த உண்மைக்குத் தமிழகத்தில் 1911 ஜூன் 17 ஒரு சான்று. அன்று மணியாச்சியில் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதனின் கையில் இருந்தது பெல்ஜிய நாட்டுப் பிரௌனிங் கைத்துப்பாக்கி. புதுவையில் அவருக்குச் சுடும் பயிற்சி தந்தவர் வ.வே.சு. ஐயர் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அதே ஐயர் 1916இல் திருக்குறளை ஆங்கிலத்தில் தந்தார். கம்பனை உலகக் காவியங்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார். 1920இல் தாயகம் திரும்பியபின் காந்திய வழியில் நின்று சேரன்மாதேவியில் குருகுலம் கண்டார். எவரும் அவரிடமிருந்து துப்பாக்கியைப் பறித்துக் காந்தியவாதி ஆக்கவில்லை. வலிமை உடையவர் தாமே கீழே வைத்தார். தணிதல் என்பதற்கு நம் எழுத்தாளர் உலகம் தந்த விளக்கம் அது.

விடுதலைக்குப் பின் 1959ஆம் ஆண்டுச் சட்டம் பழைய சட்டத்தின் இடத்தைப் பிடித்தது. ஒருவர் எத்தனை துப்பாக்கி வைத்திருக்கலாம் என்ற கேள்விக்கு 1983இல் ஒரு திருத்தம் விடை சொன்னது: மூன்று. 2019 டிசம்பரில் வந்த திருத்தம் அதை இரண்டாக்கியது. சட்ட முன்வரைவில் ஒன்று என்றே இருந்தது. மரபுவழித் துப்பாக்கி உடையோரின் எதிர்ப்பினால் இரண்டு ஆயிற்று. மூன்றாவதை ஓராண்டுக்குள் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைக்க வேண்டும். தந்தை வழியாகவும் பாட்டன் வழியாகவும் வந்த துப்பாக்கிகளுக்கும் இந்த வரம்பு உண்டு. விளையாட்டு வீரர்களுக்கு மட்டும் தனி விதி.

மூன்று துப்பாக்கி உடைய ஒரு குடும்பத் தலைவரின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். ஒன்று முன்னோருடையது; ஒன்று தந்தை வாங்கியது; ஒன்று தாமே விரும்பி வாங்கியது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் வேட்டை இல்லை. ஒவ்வொரு தேர்தல் காலத்திலும் துப்பாக்கி காவல் நிலையத்திற்குப் போய், ரசீது பெற்று, முடிவு வந்தபின் வீடு திரும்பும். அது செய்த பயணம் பெரும்பாலும் அவ்வளவே. ஆண்டுக்குச் சில முறை குழலைத் துடைப்பதும் கட்டைக்கு எண்ணெய் பூசுவதும் அவருக்குள்ள தொடர்பு. இப்போது மூன்றில் எதை விடுவது? முன்னோரை விடுவதா, தந்தையை விடுவதா, தம்மையே விடுவதா? சட்டம் எண்ணிக்கையைச் சொல்லும். எதை என்று சொல்லாது. அந்த இடத்தில்தான் அவருடைய மனநிறைவு உண்மையானதா என்பது தெரியும். துப்பாக்கியால் வந்த மதிப்பில் நிறைவு கண்டிருந்தால் மூன்றாவதைக் கொடுப்பது அவமானமாகத் தோன்றும். நினைவில் நிறைவு கண்டிருந்தால், இரண்டு போதும், ஒன்றும் போதும், சில வேளை ஒரு நிழற்படமும் போதும்.

ஆயினும் மறுபக்கமும் சொல்ல வேண்டும். கணக்கில் குறைத்தல் ஒன்றே நோக்கமானால் 1863இன் சம்மட்டி மீண்டும் எழும். 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின் 45ஆம் பிரிவு, வழக்கொழிந்த பழம்பொருளாகி, செப்பனிட்டாலும் சுட முடியாத ஆயுதத்தைச் சட்டத்தின் பிடியிலிருந்தே விலக்கி வைக்கிறது. சுட இயலாத துப்பாக்கி துப்பாக்கி அன்று என்கிறது சட்டம். பழந்துப்பாக்கி வைத்திருப்போர் இதனை அறிந்திருந்தால், இரும்பு விலைக்குப் போக இருந்த சில பொருள்களேனும் வரலாற்றுக்கு எஞ்சும்.

காந்தள் சூடிய குழல்

துப்பாக்கியோடு நிறைவாக வாழ்ந்த ஒரு சமூகம் நமக்கு அண்மையிலேயே உண்டு. குடகு நாட்டுக் கொடவருக்கு 1861 முதல் ஆயுதச் சட்டத்திலிருந்து விலக்கு இருந்து வருகிறது. 2019இல் மைய அரசு அதனை 2029 வரை நீட்டித்தது. 2021இல் கருநாடக உயர்நீதிமன்றம் அது செல்லும் என்றது. ஆண் குழந்தை பிறந்தால் வானை நோக்கிச் சுடுவது அவர்கள் மரபு. நாற்று நடவு முடிந்த பின், செப்டம்பர்த் தொடக்கத்தில் வரும் கயில்போள்து விழாவில் துப்பாக்கியையும் கத்தியையும் வீட்டுப் பூசையிடத்தில் வைத்து வழிபடுகிறார்கள். அன்று துப்பாக்கிக்குச் சூட்டும் மலரின் பெயர் 'தோக் பூ'. தோக் என்றால் அவர்கள் மொழியில் துப்பாக்கி. அந்த மலர் வேறெதுவும் அன்று, நம் செங்காந்தள்தான்.

திருமுருகாற்றுப்படை முருகனுக்குச் சூட்டிய காந்தள், குடகில் துப்பாக்கிக் குழலில் மலர்கிறது. தொண்டைமான் கொட்டிலில் வேலுக்கு மயிலிறகும் மாலையும் சூட்டப்பட்டதும் இதே மரபுதான். ஔவையாரின் அந்தப் பாட்டுக்குத் துறை வகுத்தவர்கள் 'வாள் மங்கலம்' என்று வகுத்திருப்பதை நாம் கவனிக்க வேண்டும். ஆயுதத்திற்கு மங்கலம் செய்வது அதைக் கூர்மையாக்குவது ஆகாது. அதன் வலிமையை வணங்கி, இன்று நீ ஓய்வாக இரு என்று சொல்வது. தூது வந்த ஔவையாரின் நோக்கமும் போரைத் தூண்டுவதன்று, தடுப்பதே. 'உன் ஆயுதங்கள் புதியனவாகவே இருக்கட்டும்' என்பது அந்த நகைப்புக்குள் இருந்த வேண்டுகோள் என்று கொள்வதில் தவறில்லை.

தணிகை தரும் பொருள்

இவ்வளவையும் தணிகை மலையின் அடிவாரத்தில் நின்று எண்ணும்போது ஒரு தெளிவு பிறக்கிறது. சூரபன்மனோடு செய்த போரும் வள்ளியின் பொருட்டு வேடரோடு நேர்ந்த பூசலும் முடிந்து, முருகன் சினம் தணிந்து அமர்ந்த இடம் இது. செரு தணிந்தமையால் 'செருத்தணி' என்பர். ஏனைய முருகன் தலங்களில் கந்த சட்டியன்று சூரசம்மாரம் நடைபெறும். திருத்தணியில் அது இல்லை. அன்று இறைவனுக்கு மலர் வழிபாடு மட்டுமே. தாரகாசுரன் கவர்ந்த சக்கரத்தையும் சங்கையும் திருமால் இங்கு வழிபட்டுத் திரும்பப் பெற்றார் என்பது தல வரலாறு. பறித்த ஆயுதம் உரியவரிடம் மீண்ட ஊர், போர் முடிந்த நாளில் பூச்சொரியும் ஊர் என்று இதனைச் சொல்லலாம்.

இவ்வூர் கார்வேட்நகரின் கீழும், வடார்க்காட்டின் கீழும், 1911 முதல் சித்தூர் மாவட்டத்தின் கீழும் இருந்து, 1960 ஏப்ரல் முதல் நாள் தமிழகத்தோடு இணைந்தது. ம.பொ.சி. முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டமும், பின்னர் படாஸ்கர் தந்த முடிவும், நாடாளுமன்றம் செய்த சட்டமும் அதைச் சாதித்தன. பாளையக்காரர் காலத்தில் எல்லையைத் துப்பாக்கி வரைந்தது. நம் காலத்தில் சொல் வரைந்தது.

நம் ஊர் வீரட்டானேசுவரர் கோயில் கல்வெட்டு இன்னொன்றைச் சொல்கிறது. அபராசித பல்லவன் காலத்தில் நம்பி அப்பி கட்டிய கற்றளி அது. அங்குள்ள வெண்பா ஒன்றை அம்மன்னனே பாடியருளினான் என்று கல்லில் பொறித்திருக்கிறார்கள். திருப்புறம்பியத்தில் பாண்டியனை வென்றவன் அவன். பின் ஆதித்த சோழனால் வீழ்த்தப்பட்டவன். அவன் ஆயுதசாலையில் என்ன இருந்தது, எத்தனை இருந்தன என்பதற்குச் சுவடே இல்லை. வெண்பா இருக்கிறது.

பத்தாண்டு நிறைவு காணும் நம் இலக்கிய வட்டத்தாரில் எவர் வீட்டிலேனும், சுற்றத்தார் வீட்டிலேனும் பரணில் ஒரு பழந்துப்பாக்கி இருக்கக்கூடும். அதை வெட்கத்தோடு மறைக்கவும் வேண்டாம், பெருமையோடு நீட்டவும் வேண்டாம். சட்டப்படி பதிவு செய்து, அது யாருடையது, எங்கிருந்து வந்தது, எந்த நாளில் கடைசியாக வெடித்தது என்பதை ஒரு பக்கம் எழுதி வைத்தால் போதும். இரும்பு துருப்பிடித்தாலும் அந்தப் பக்கம் வாழும். தொண்டைமான் தன் கொட்டிலைக் காட்டியதால் நமக்கு ஒரு பாட்டுக் கிடைத்தது. ஆயுதசாலைகள் இனிமேல் தர வேண்டியதும் அதுவே.